ரிப்போர்ட் போனுக்கு வந்தால் நல்லதா, சிலிசிலி (பொலித்தீன்) பேக்கே போதுமா?

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகி, 4 மார்ச் 2025, மாலை

அம்மாவுக்கு 61 வயது. களைப்பு என்று சொன்னபடியால் இரத்தம் கொடுத்தோம். அன்றைக்கே எஸ்எம்எஸ்ஸில் இணைப்பு வந்துவிட்டது. டொக்டரைக் காணும் நாள் எட்டு நாள் கழித்து. திறந்து பார்த்தேன், மூன்று இடத்தில் சிவப்பு எழுத்து. அம்மாவிடம் சொல்லவும் இல்லை, நான் நித்திரை கொள்ளவும் இல்லை, கூகுளில் தேடிக்கொண்டே இருந்தேன். இப்படி எல்லாவற்றையும் நாங்களே போனில் பார்ப்பது நல்லதுக்கா? முந்தி மாதிரி டொக்டர் கவரைப் பிரித்துப் பார்த்துச் சொல்வதே மேல் என்று படுகிறது.

4 மார்ச், இரவு 10.20, என் பதில்

பார்த்ததில் பிழை ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டு கூகுளோடு குடும்பம் நடத்துகிறீர்கள் பாருங்கள், அதற்குத்தான் உங்களைப் பேச வேண்டும்.

நான் கொழும்பில் ஒரு தனியார் லேப்பில் ஆறு வருடம் கவுண்டரில் இருந்தேன். எது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு ஒட்டி, மேலே டொக்டரின் பெயர் எழுதிக் கொடுப்போம். டொக்டர் பிரிக்கும்வரை யாரும் பொறுக்கவில்லை. வாசல்படி இறங்குவதற்குள் கிழிந்துவிடும். கிழித்துப் பார்த்துவிட்டு திரும்பி வந்து, "மிஸ், இந்த நட்சத்திரம் போட்டிருக்கே, இது என்ன?" என்று எங்களிடம் கேட்பார்கள். எங்களுக்குச் சொல்ல அனுமதி இல்லை. "டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்று ஒரே பாட்டு. ஆகவே முந்தி யாரும் பார்க்காமல் இருந்தார்கள் என்பதே ஒரு கதை.

சிவப்பு எழுத்துக்கு வருகிறேன். பக்கத்தில் "சாதாரண அளவு" என்று இரண்டு எண் போடுகிறார்களே, அது பெரும்பாலும் சுகதேகிகள் நிறையப் பேரை அளந்து, நடுவில் வரும் 95 வீதத்தை எடுத்துக் கிழித்த கோடு. அப்படியென்றால் ஒரு வருத்தமும் இல்லாத 20 பேரில் ஒருவர் எப்படியும் கோட்டுக்கு வெளியே நிற்பார். அதையே ஒரே ஆளுக்கு 20 சோதனை என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒன்றாவது சிவப்பாக வருவதற்கு 64 வீத வாய்ப்பு. கொம்பியூட்டருக்கு கோட்டிலிருந்து ஒரு மயிரிழை தள்ளியதும் ஒன்றுதான், மூன்று மடங்கு தள்ளியதும் ஒன்றுதான், இரண்டுக்கும் ஒரே சிவப்பு மை.

எந்த மூன்று என்று சொல்லுங்கள். அதுவரை படுங்கள்.

5 மார்ச், காலை 6.50

ராத்திரி நான் எழுதிய 64 வீதத்துக்கு கொட்டாஞ்சேனையிலிருந்து கணிதம் படிப்பிக்கும் ஒரு சேர் அடி போட்டிருக்கிறார். இருபது சோதனையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தால்தான் அந்தக் கணக்குச் சரி, ஒரே உடம்பில் எடுத்த இரத்தத்தில் பல எண்கள் கை கோத்துக்கொண்டுதான் ஏறி இறங்கும், ஈரல் சோதனையில் ஒன்று கூடினால் பக்கத்து வீட்டு எண்ணும் கூடும் என்கிறார். உண்மைதான் சேர், ஒத்துக்கொள்கிறேன். 64 என்பது மேல்மட்டக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. மூன்று சிவப்பு என்றால் மூன்று வருத்தம் என்று அர்த்தமில்லை, மூன்றுக்கும் ஒரே வேர் இருக்கலாம். இது நேற்று எனக்குத் தோன்றவில்லை.

5 மார்ச், இரவு 9.15

எங்கள் மாமாவின் கதை. கணவரின் தாய்மாமன், பம்பலப்பிட்டி, 68 வயது, பிரஷர் குளிசை போடுகிறவர். வருடத்துக்கு ஒருதரம் கிட்னிக்கான கிரியேட்டினின் சோதனை பார்ப்பார். போன வருடம் வரைக்கும் ஒரு லேப், இந்தமுறை வீட்டுக்குக் கிட்ட என்று வேறொரு லேப். இரவு பத்து மணிக்கு போன் வருகிறது. "பிள்ளை, எனக்குக் கிட்னி போட்டுது."

"ஏன் மாமா?"

"போன வருசம் 1.1. இப்ப 97."

பக்கத்தில் மாமி அழுகிற சத்தம். ஒரு மகன் கனடாவில், அவனுக்கும் அடித்துச் சொல்லியாயிற்று, அவன் டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கிவிட்டான். நான் படத்தை அனுப்பச் சொன்னேன். பழைய லேப் மில்லிகிராம் கணக்கில் கொடுத்திருக்கிறது, புது லேப் மைக்ரோமோல் கணக்கில். 1.1ஐ 88.4ஆல் பெருக்கிப் பாருங்கள், 97தான். கிட்னி போன வருடம் இருந்த இடத்திலேயே ஆடாமல் அசையாமல் இருக்கிறது.

சீனிக்கும் இதே கூத்து இருக்கிறது, அங்கே 18ஆல் பெருக்க வேண்டும். ஒருவர் 7 என்று சொல்வதும் மற்றவர் 126 என்று சொல்வதும் ஒரே சீனி. கொழும்பில் இரண்டு அளவும் ஓடுகிறது. பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒரே கோட்டில் ஒரே அளவில் போட்டுக் காட்டுகிற வசதி இருந்தால், போனில் பார்ப்பதன் நன்மை என்று அதைத்தான் முதலில் சொல்வேன். தனித்தனி இணைப்பில் தனித்தனி பிடிஎப் வந்து விழுவது கவரைக் கிழிப்பதைவிடப் பெரிய முன்னேற்றம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மாமா இப்போது எல்லோரிடமும் "எனக்கு 97 வந்தும் ஒண்டும் ஆகேல்ல" என்று சொல்லித் திரிகிறார்.

8 மார்ச், சனி

வெளிநாட்டில் இருக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார், "இலங்கையில் நோயாளிக்குத் தன் பதிவைப் பார்க்கும் உரிமையே இல்லையா?" என்று. சிரிப்பு வந்தது தம்பி. இங்கே அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிறவரின் பதிவு முழுக்க அவர் கையில்தான் இருக்கிறது. ஒரு கொப்பி. அதில் மருந்து, பிரஷர், அடுத்த திகதி, டொக்டரின் கோழிக் கிறுக்கல் எல்லாம். கொப்பியோடு இரத்த ரிப்போர்ட், ஈசிஜி துண்டு, பழைய டயக்னோசிஸ் கார்ட் எல்லாவற்றையும் ஒரு சிலிசிலி பேக்கில் போட்டு முடிச்சுப் போட்டு, கிளினிக் நாளில் விடிய நாலு மணிக்கே கொண்டுபோக வேண்டும். கொப்பி தொலைந்தால் உங்கள் வருத்தத்தின் சரித்திரமே தொலைந்தது. ஆஸ்பத்திரியில் தங்கும் பெரிய பதிவு வார்ட்டில் படுத்தவர்களின் பெட் ஹெட் டிக்கெட், அதுதான் நோயாளியின் கைக்கு லேசில் வராது. வீட்டுக்கு அனுப்பும்போது அதன் சாறு பிழிந்து ஒரு டயக்னோசிஸ் கார்ட் தருவார்கள். குழந்தை பிறந்தால் அதற்கும் ஒரு வளர்ச்சி அட்டை, ஊசி போட்ட திகதியெல்லாம் தாயின் கையில். எங்கள் வீட்டில் என் மகனின் அட்டை பத்திரமாக இருக்கிறது, அவனுடைய ஓஎல் சான்றிதழைத்தான் காணவில்லை.

அமெரிக்காக்காரன், இங்கிலாந்துக்காரன் எல்லாம் "ஆஸ்பத்திரியின் பூட்டிய அலுமாரியில் இருக்கிற என் கோப்பை எனக்குக் காட்டு" என்று கேட்டு வாங்கியது ஒரு வழக்கு. எங்கள் வழக்கு நேரெதிர். எங்கள் பேக்கில் இருப்பது கொம்பியூட்டருக்குள் போனபிறகு திரும்ப எங்களுக்கு எப்படித் தெரியும்? வார்ட்டில் உள்ளவர்கள் திரையைத் தங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தட்டுகிறார்கள். ஒருமுறை என் மாமியோடு (கணவரின் அம்மா) போனபோது கொப்பியில் எழுதவேயில்லை, "சிஸ்டத்தில இருக்கு" என்றார் ஒரு சின்ன டொக்டர். மாமி கொப்பியை விரித்தபடியே நின்றார். நான் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன், முகம் சுளித்தாலும் எழுதித் தந்தார். அடுத்த மாதம் போனால் சிஸ்டம் வேலை செய்யவில்லை, கொப்பிதான் கைகொடுத்தது.

8 மார்ச், அதே நாள் பின்னேரம்

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். பேக்குக்கு வக்காலத்து வாங்குகிறேன் போலிருக்கிறது. அப்படியில்லை. 2016 வெள்ளத்தில் களனி ஆற்றுப் பக்கம் எத்தனை பேரின் பேக் போனது என்று நினைத்துப் பார்க்கிறேன். ஈசிஜி காகிதம் மங்கிப்போய் வெறும் மஞ்சள் துண்டாகிவிடும். 2022இல் எக்ஸ்ரே பிலிம் இல்லை என்று திரையைப் போனில் படமெடுக்கச் சொன்னார்கள், நானும் எடுத்தேன், அந்தப் படம் இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் கேக்குக்கும் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் நடுவில் கிடக்கிறது. அதே வருடம் மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. எது பாதுகாப்பு என்று கேட்டால் இரண்டும் சேர்ந்ததுதான் என்று வழவழா பதில்தான் வருகிறது. சரி, வழவழாவே இருக்கட்டும்.

9 மார்ச், காலை

தெஹிவளை வாசகி மூன்று சிவப்பையும் அனுப்பியிருக்கிறார். ஈமோகுளோபின் குறைவு, எம்சிவி (செங்கலத்தின் பருமன்) குறைவு, எம்சிஎச் (ஒரு கலத்தில் உள்ள ஈமோகுளோபின்) குறைவு. கணித சேர், கேட்டீர்களா, கை கோத்துக்கொண்டு நிற்கிறார்கள் மூன்று பேரும். செங்குருதிக் கலம் சிறியதாக, வெளிறி இருக்கிறது என்பதை மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறது மெஷின். இரும்புச்சத்துக் குறைவில் இப்படி வருவது மிகச் சாதாரணம், பரம்பரையாக வரும் தலசீமியாச் சுவடிலும் வரும். எது என்று டொக்டர் சொல்லட்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், 61 வயதில் இரும்பு குறைந்தால் எங்கேயாவது இரத்தம் கசிகிறதா என்று தேடத்தான் வேண்டும், ஆகவே குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு டொக்டரை விட்டுவிடாதீர்கள்.

15 மார்ச், சனி, இரவு

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

ரிப்போர்ட் "நோயாளிக்கு" வருகிறது என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறோம். யாருடைய போனுக்கு வருகிறது? கவுண்டரில் இருந்தபோது "போன் நம்பர்?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் நோயாளியைப் பார்க்கவே மாட்டார்கள், கூட வந்தவர் தன் நம்பரைச் சொல்வார். கணவன் சொல்வான், மகன் சொல்வான், தகப்பன் சொல்வார். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை ஒருத்தி தனியாக வந்து கர்ப்பச் சோதனைக்குக் கொடுத்தாள். பழைய பதிவில் தகப்பனின் நம்பர் கிடந்தது. அப்போதுதான் எஸ்எம்எஸ் தொடங்கிய புதிது, எங்கள் ஆள் ஒருவர் பார்க்காமல் அப்படியே விட்டுவிட்டார். மிச்சத்தை எழுத மாட்டேன். அடுத்த நாள் அந்தப் பிள்ளை கவுண்டருக்கு வந்து ஒன்றும் பேசாமல் நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இனி எங்கள் அப்பா. 2017. 74 வயது. றெயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கரண்ட் பில்லைக்கூடத் துளை போட்டுக் கோவையில் கட்டி வைப்பவர். பயொப்சி எடுத்தார்கள். நானும் அண்ணாவும் கவுண்டரில் பேசி அண்ணாவின் நம்பரைப் போட்டோம். ரிப்போர்ட் அண்ணாவுக்கு வந்தது, நல்ல செய்தி இல்லை, புற்றுநோய், பரவிவிட்டது. அப்பாவிடம் "சின்னப் புண்தானாம், மருந்தில மாறுமாம்" என்றோம். அவரும் "அப்பிடியோ" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் தப்பித்தோம் என்றிருந்தோம். நான் லேப்பில் வேலை செய்தவள், எந்த ரிப்போர்ட்டை எப்படி மறைக்கலாம் என்று எனக்குத் தெரியாதா.

அவர் போய் முப்பத்தோராம் நாள் கழிந்தபிறகு கோவைகளை ஒதுக்கினோம். கரண்ட், தண்ணீர், பென்ஷன், அதற்குப் பின்னால் "வைத்தியம்". அதில் அந்த ரிப்போர்ட்டின் பிரதி. பில்லில் இருந்த இலக்கத்தை எடுத்துக்கொண்டு, அண்ணாவுக்கு வந்து ஐந்தாம் நாள், 101 பஸ்ஸில் தனியாகப் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறார். பஸ் டிக்கெட்டையும் சேர்த்துக் குத்தி வைத்திருந்தார். ஆங்கிலச் சொல் ஒன்றைப் பென்சிலால் கீழ்க்கோடு போட்டு, ஓரத்தில் அகராதி பார்த்துத் தமிழில் பொருள் எழுதியிருந்தார், "இடம்பெயர்ந்து பரவுதல்" என்று. எங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டார், அவருக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நாலு மாதம் ஒரே வீட்டில்.

16 மார்ச்

"நீங்கள் அப்பாவுக்குச் செய்தது துரோகம்" என்று ஒருவர். "பெத்த பிள்ளைகள் அதைத்தான் செய்வார்கள், நானும் செய்தேன்" என்று இன்னொருவர். இரண்டு பேருக்கும் பதில் எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன்.

ஒன்று மட்டும். போனில் நேரே அவருக்கே வந்திருந்தால் நல்லாயிருந்திருக்குமா என்று கேட்கிறீர்கள். இரவு ஒன்பது மணிக்கு, தனியாக, அகராதியோடு? அதுவும் வேண்டாம். டொக்டர் அவரை நேரே வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் நாங்கள் டொக்டரைத் தனியாகப் பிடித்துவிட்டோம்.

23 மார்ச், ஞாயிறு (நீளமாகப் போகும், வேண்டாதவர்கள் தாண்டுங்கள்)

வெளியூரில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு.

அமெரிக்காவில் 2010இல் பொஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் மூன்று இடத்தில் 105 டொக்டர்கள் தாங்கள் நோயாளியைப் பற்றி எழுதும் குறிப்பையே நோயாளிக்குத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். ஓப்பன்நோட்ஸ் என்று பெயர். தொடங்கமுதல் டொக்டர்மாருக்கு வயிற்றைக் கலக்கியது, போன் ஓயாது, எல்லோரும் பயந்து சாவார்கள் என்று. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வேலைப்பளு பெரிதாகக் கூடவில்லை, நோயாளிகளில் கிட்டத்தட்ட எல்லோரும் தொடர வேண்டும் என்றார்கள். பிறகு 2021 ஏப்ரல் 5இலிருந்து அங்கே சட்டமே வந்தது, முடிவு வந்தால் தேவையில்லாமல் பிடித்து வைக்கக் கூடாது என்று. 2023இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 8,139 பேரைக் கேட்டிருக்கிறார்கள். 96 வீதம் பேர் டொக்டர் பார்க்கமுதலே எனக்கு வரட்டும் என்றார்கள். முடிவு சரியில்லாமல் வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குக் கவலை கூடியது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. நான் முதல் நாள் "பார்த்ததில் பிழையில்லை" என்று கெத்தாக எழுதினேன். பார்க்க ஆசைப்படுவதும் பார்த்துவிட்டுத் தாங்குவதும் வேறு வேறு, அந்த ஆறில் ஒருவருக்குப் பதில் என்னிடம் இல்லை.

இன்னொரு பெரிய கணக்கெடுப்பு, 22,889 பேர், தங்கள் குறிப்பை வாசித்தவர்கள். ஐந்தில் ஒருவர் பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்தார். இதை நான் நம்புகிறேன், ஏனென்றால் எங்கள் மாமியின் டயக்னோசிஸ் கார்ட்டில் மருந்து ஒவ்வாமை "இல்லை" என்று இருந்தது. பெனிசிலின் போட்டால் மாமிக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும், ஒருமுறை மூச்சே திணறியது. பார்த்த அன்றைக்கே சிவப்புப் பேனையால் திருத்தச் சொல்லித் திருத்தி வாங்கினோம். கார்ட் எங்கள் கையில் இருந்தபடியால் பார்த்தோம். திரைக்குள் இருந்தால்?

இங்கிலாந்தில் 2023 ஒக்டோபர் 31க்குள் எல்லா ஜீபீ (குடும்ப டொக்டர்) கிளினிக்கும் புதிதாக எழுதுவதை நோயாளிக்குத் திறந்துவிட வேண்டும் என்று வைத்தார்கள். அங்குள்ள டொக்டர்மார் சங்கம் எழுப்பிய கேள்வி எனக்கு மிகத் தெரிந்த கேள்வி: வீட்டில் அடி வாங்கும் பெண் டொக்டரிடம் சொன்னதை, அவளுடைய போனைப் பிடுங்கிப் பார்க்கும் கணவன் வாசித்தால்? பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் ஊரிலும் அதே கேள்வி, யாருடைய போன்.

எஸ்தோனியாவில் 2008இலிருந்து நாடு முழுக்க ஒரே பதிவு. அதில் எனக்குப் பிடித்தது, உங்கள் கோப்பை எந்த டொக்டர் எந்த நேரம் திறந்து பார்த்தார் என்று நீங்களே பார்க்கலாம். கவுண்டரில் இருந்த நாளில் ஒரு நடிகையின் ரிப்போர்ட் வந்தபோது யார் யார் எட்டிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். நானும்தான்.

பயமும் இருக்கிறது. சிங்கப்பூரில் 2018இல் சிங்ஹெல்த் கொம்பியூட்டருக்குள் புகுந்து 15 லட்சம் பேரின் விபரத்தை எடுத்தார்கள், அப்போது பிரதமராக இருந்த லீ சியன் லூங்கின் விபரமும் அதில் அடக்கம். பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல சிகிச்சை நிலையத்தின் பதிவுகளைத் திருடி, 2020இல் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பிக் காசு கேட்டார்கள். எங்கள் ஊரில் 2023 ஓகஸ்டில் அரசாங்க கிளவுட்டில் வைரஸ் புகுந்து மே நடுப்பகுதியிலிருந்து வந்த மின்னஞ்சல்கள் போனது போனதுதான், அந்தக் காலத்துக்கு பேக்கப் இல்லை. சிலிசிலி பேக் களவு போனால் ஒரு ஆளின் வருத்தம்தான் வெளியே வரும்.

சட்டம் கேட்டவருக்கு: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சுகாதார விபரத்தை அது விசேட வகையாக வைத்திருக்கிறது, பார்க்கவும் திருத்தவும் கேட்கலாம் என்கிறது. முழுதாக அமுலுக்கு வருவதுதான் 2025இலும் தள்ளிப்போனது.

6 ஏப்ரல், ஞாயிறு

எல்லாம் ஒரே சிஸ்டத்தில் வந்தால் தொல்லை தீரும் என்று எழுதிய தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள்?

எங்கள் ஆட்களின் பெயர் கொம்பியூட்டருக்குப் பெரிய சோதனை. தகப்பன் பெயர் முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் வரும், சிலருக்கு ஒரே எழுத்தாகச் சுருங்கும். கல்யாணமானபின் கணவன் பெயர் வந்து நிற்கும். "ச"வுக்கு ஒரு லேப்பில் எஸ், இன்னொன்றில் சீஎச். "த"வுக்கு எச் போட்டும் போடாமலும். என் கணவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், அடையாள அட்டையில் ஒருவிதம், ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் எழுதி அதிலிருந்து ஆங்கிலமாக்கியதில் மூன்றாவது விதம். கொம்பியூட்டருக்கு அவர் மூன்று ஆம்பிளைகள். ஒருவருக்கு கொலஸ்ட்ரோல், ஒருவருக்கு அல்சர், மூன்றாமவர் சுகதேகி. சுகதேகியோடு வாழ்ந்திருக்கலாம் என்று நான் சொன்னால் கோபம் வருகிறது.

அடையாள அட்டை இலக்கத்தை வைத்துப் பிடிக்கலாம் என்பார்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் வீ எழுத்தும், புதியதில் 12 இலக்கம். மாற்றிப் பொருத்த வழி இருக்கிறது, கவுண்டரில் அவசரத்தில் அடிக்கும் பிள்ளைக்கு அது ஞாபகம் வர வேண்டுமே. ஒரு நாள் காலையில் நாப்பது பேர் வெறும் வயிற்றோடு முறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

மொழியும் அப்படித்தான். எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் வருகிறது, சில இடத்தில் சிங்களத்தில். தமிழில் ஒன்று வந்து நான் கண்டதில்லை, வந்திருந்தால் சொல்லுங்கள், சந்தோசப்படுவேன். அப்பாவுக்கு அகராதி பார்க்கத் தெரிந்திருந்தது. மாமிக்கு?

6 ஏப்ரல், பத்து நிமிசம் கழித்து

சுருக்கெழுத்தைப் பற்றி எழுத மறந்தேன். ஒருவர் கிளினிக் கொப்பியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார், கேள்விக்குறி போட்டு பக்கத்தில் சீயும் ஏயும். புற்றுநோய் என்று சந்தேகமோ என்று வீடே கலங்கியிருக்கிறது. சீ ஏ என்றால் கல்சியமும்தான். அடுத்த வரியில் விற்றமின் டீ எழுதியிருந்தது. சரியென்று மூச்சு விட்டார்கள். டொக்டரிடம் உறுதி செய்தபிறகுதான் நானும் விட்டேன்.

13 ஏப்ரல்

தெஹிவளை வாசகியிடமிருந்து: இரும்புச்சத்துக் குறைவுதான், மேலே கீழே கமரா விட்டுப் பார்த்தார்களாம், இரைப்பையில் ஒரு சின்னப் புண். நோவுக்கு என்று பாமசியில் தானாக வாங்கிப் போட்ட குளிசையின் வேலை. இப்போது மருந்து நடக்கிறது. அம்மாவிடம் முதல் நாளே சொல்லியிருந்தால் குளிசை விசயத்தை அன்றைக்கே சொல்லியிருப்பாராம். எட்டு நாளும் அதே குளிசையைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நாளைக்கு வருடப் பிறப்பு, பலகாரம் சுட வேண்டும். மாமி வீட்டில் இருப்பதால் சீனி குறைத்து, குறைத்ததை மாமிக்குத் தெரியாமல்.

12 மே, வெசாக்

லேப்பில் மாமியின் பதிவில் இருந்த நம்பரை மாற்றினோம். என் நம்பரை எடுத்துவிட்டு அவருடைய நம்பர். நான் சொல்லவில்லை, அவரே கேட்டார். அப்பாவின் கதையை இங்கே எழுதியதை யாரோ அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். "என்ர சீனி எனக்கு வரட்டும் பிள்ளை, உனக்கு நான் சொல்லுறன்" என்றார்.

சனிக்கிழமை முதல் எஸ்எம்எஸ். கண்ணாடி போட்டு, என்னிடம் காட்டாமல், ஜன்னல் பக்கம் திரும்பி இருந்து ஒரு வரியை விரலால் தடவித் தடவிப் பெரிதாக்கி வாசித்தார். எச்பிஏ1சி 7.9. போனமுறை 8.6. அது மூன்று மாதத்துச் சீனியின் சராசரிக் கணக்கு என்று சொல்லிக்கொடுத்திருந்தேன், அதனால் பலகாரத்துக்குச் சீனி குறைத்தது இதில் தெரியுமா என்று கேட்டார். அவருக்கு அது தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

பிறகு காலி வீதியில் தன்சல் (வெசாக்குக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தல்) பார்க்கப் போய் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றோம். ஒரு கோப்பை இதில் காட்டாது என்று மாமி எனக்கு விளக்கினார். ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார், பேக்கில் போட. வியாழன் கிளினிக். நாலு மணிக்கு எழும்ப வேண்டும், மாமியின் போனையும் சார்ஜில் போட வேண்டும்.